என் சிறுநீரகமும் அண்ணன் போட்ட கணக்கும்

1

நான் சாகக் கிடக்கிறேன் என்ற செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு எனக்குத் தெரிய வந்தது. அப்போது நான் அடுப்பில் சோறு வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

பாரிசுக்கு வடக்கே, ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு புறநகரில் நாங்கள் இருக்கிறோம். காரைக்காலிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து இருபத்து மூன்று வருஷமாகிறது. இங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் பிரெஞ்சுப் பூசைக்குப் போய்வருவேன். அதில் பாதி எனக்குப் புரியாது. அதனால் மதியம் சமைக்கும்போது மிளகாய்த்தூள் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, எங்கள் ஊர்க் கோவிலின் மாலைப் பூசையை நேரலையில் பார்ப்பேன். குளிர்காலத்தில் இங்கே ஒரு மணி என்றால் அங்கே ஐந்தரை.

அன்றைக்கு உபதேசியார் மன்றாட்டு வாசித்தார். முதலில் மழைக்காக, பிறகு கடலுக்குப் போனவர்களுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக. அதன் பிறகு, "பிரான்சு தேசத்தில் கடும் நோயுற்று உயிருக்குப் போராடும் நம் பங்கின் மகள் மரிய செலினுக்காக" என்றார். நானும் பழக்கத்தில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் மரிய செலின் நான்தான் என்பது உறைத்தது.

வேறு செலின் யாராவது இருக்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் பங்கிலிருந்து பிரான்சுக்கு வந்த இன்னொரு செலின் போன வருஷமே காலமாகிவிட்டார். உயிருக்குப் போராட மிச்சமிருந்தது நான் ஒருத்திதான். கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம், எனக்கு ஏதாவது வியாதியா, என்னிடம் மறைக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். காலையில் பஸ்ஸைப் பிடிக்கத் தன்னை விட்டுவிட்டு ஓடியவள் நான்தான் என்பதை நினைவுபடுத்திவிட்டு, மறுபடியும் பேப்பருக்குப் போய்விட்டார்.

2

இதன் தொடக்கம் மூன்று வாரத்துக்கு முந்தைய ஓர் இரத்தப் பரிசோதனை. ஐம்பது வயதைத் தாண்டியதால் வருஷம் ஒரு முறை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

முதன்முதலில் இங்கே இரத்தம் கொடுக்கப் போனது நன்றாக நினைவிருக்கிறது. வந்து நாலு மாதம். மேசையில் இருந்த பெண் சிரித்தபடி, "அ ழன்?" என்று கேட்டாள். வெறும் வயிற்றில் வந்திருக்கிறீர்களா என்று அர்த்தமாம். என் காதில் அது 'ழான்' என்று விழுந்தது. இங்கே நாலு பேரில் ஒருவருக்கு ழான் என்றுதான் பெயர். இல்லை, நான் செலின் என்று சொன்னேன். அவள் மறுபடியும் கேட்டாள். நான் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். மூன்றாவது முறை அவள் வயிற்றைத் தொட்டு, வாயில் போடுவதுபோல் கையைக் காட்டினாள். சாப்பாடு தரப்போகிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணி, வேண்டாம், வீட்டிலேயே நாலு இட்லி சாப்பிட்டுவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொன்னேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இப்போதெல்லாம் நான் தேறிவிட்டேன். பட்டினியாகப் போனேன், கொடுத்தேன், மாலையே முடிவு வந்துவிட்டது. தாளில் சர்க்கரை 0,98 என்று இருந்தது. இங்கே புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி வைப்பார்கள். அதாவது ஒன்றுகூட இல்லை. எங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா எல்லோரும் சர்க்கரைக்காரர்கள். பெருமை தாங்காமல் அந்தத் தாளைப் படம் பிடித்து ரீத்தா அண்ணிக்கு அனுப்பினேன். சர்க்கரை ஒன்றுகூட இல்லை பாருங்கள் என்று எழுதினேன்.

ரீத்தா அண்ணி என் ஒரே அண்ணன் சவரிமுத்துவின் மனைவி. அண்ணனுக்குத் திருமலைராயன்பட்டினத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் கடை. அவருக்கே அனுப்பாமல் அண்ணிக்கு அனுப்பியதற்குக் காரணம், அண்ணன் என்னோடு பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் மகளுக்குக் கல்யாணம். அத்தை வந்துதான் எல்லாம் செய்ய வேண்டும். வருகிறேன் என்று சொல்லி, சேலையெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து என் குடியிருப்பு அட்டை காலாவதியானது. புதிய அட்டை வரும்வரை ஒரு தற்காலிக ரசீது தருவார்கள். அது வரவேண்டிய தேதியில் வரவில்லை. அது இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் திரும்பி உள்ளே வர முடியாது. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எப்போதோ விண்ணப்பித்துவிட்டேன். ஆனால் காரைக்கால் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஓர் எழுத்துக் கூடுதலாகவும், கல்யாணச் சான்றிதழில் ஓர் எழுத்துக் குறைவாகவும் இருக்கிறது. என் அப்பா ஒருவரா இருவரா என்று இவர்களுக்கு இன்னும் முடிவாகவில்லை. கல்யாணத்தன்று காலை, ஊரில் தாலி கட்டும் நேரத்தில், நான் குடை பிடித்துக்கொண்டு அந்த அலுவலகத்து வரிசையில் நின்றேன்.

அண்ணன் இதை நம்பவில்லை. அவருக்குத் தெரிந்து பிரான்சுக்காரர்கள் வருஷா வருஷம் வந்து போகிறார்கள். ஒரு ரசீதுக்காக ஒருத்தி தன் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வராமல் இருப்பாளா என்று அண்ணியிடம் கேட்டாராம். அதற்கப்புறம் என் பெயரையே எடுக்கவில்லை. நான் கூப்பிட்டால் எடுக்கமாட்டார். அண்ணியோடு பேசும்போது பின்னால் அவர் இருமுவது மட்டும் கேட்கும்.

3

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பி வருகிறேன். பூசை முடிந்ததும் அண்ணியைக் கூப்பிட்டேன். யோசித்துப் பார்த்தால், அந்த மூன்று வாரமும் அண்ணியின் பேச்சு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கால் வீங்குகிறதா, முகம் அதைக்கிறதா, மூத்திரம் சரியாகப் போகிறதா என்று தினமும் கேட்பார். உப்பைக் குறை என்பார். வயதாகிறது, அக்கறையில் கேட்கிறார் என்று நானும் ஒன்றுவிடாமல் பதில் சொல்லிவந்தேன்.

அண்ணி போனை எடுத்ததும் அழ ஆரம்பித்துவிட்டார். யார் சொன்னது உனக்கு, உன்னிடம் சொல்லக்கூடாது என்றல்லவா இருந்தோம் என்றார். என்ன சொல்லக்கூடாது என்று நான் கேட்க, அவர் பதிலுக்கு அழ, இடையில் போன் கைமாறியது. நாலு வருஷத்துக்குப் பிறகு அண்ணனின் குரல்.

"செலினு, எதுக்கும் பயப்படாத. எல்லாம் ரெடி பண்ணிட்டேன். உனக்கும் எனக்கும் ஒரே குரூப்பு. எனக்கு ரெண்டு ஃபில்டர் இருக்கு, ஒண்ணு போதும். நீ இங்க வர்றியா, நான் அங்க வரட்டுமா, அத மட்டும் சொல்லு."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் குரல் கேட்டதாலா, நான் சாகப் போவதாலா என்று தெரியவில்லை. என்ன ஃபில்டர் என்று கேட்டேன். கிட்னி என்றார். எல்லாப் பரிசோதனையும் எடுத்தாகிவிட்டது, பாரு என்று தன் அறிக்கையையும் படமெடுத்து அனுப்பினார். அதில் பி பாசிட்டிவ் என்ற வரியையும், கிரியாட்டினின் 1.0 என்ற வரியையும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள்.

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. ரீத்தா அண்ணியின் அப்பா சிறுநீரகம் கெட்டு இரண்டு வருஷம் டயாலிசிசில் இருந்து இறந்தவர். அவரை வாரம் மூன்று நாள் கூட்டிக்கொண்டு போய்வந்தது அண்ணிதான். கிரியாட்டினின் என்ற சொல்லை அவரைப்போல் சரளமாகச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு அது, இரத்தத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் அப்பாவுக்கு எட்டைத் தாண்டியபோதுதான் டயாலிசிஸ் தொடங்கினார்கள். நான் பெருமையாக அனுப்பிய படத்தில், சர்க்கரைக்குக் கீழே இரண்டாவது வரியில், கிரியாட்டினின் 8,4 மில்லிகிராம் என்று இருந்திருக்கிறது. அண்ணி அதைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, சர்க்கரை ஒன்றுகூட இல்லை என்று நான் எழுதியதையும் படித்து, பாவம், தலைக்கே ஏறிவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

இந்த நேரத்தில் என் மகள் கிளாரா அறையிலிருந்து எழுந்து வந்தாள். மருந்தாளுநர் படிப்பில் இரண்டாம் வருஷம். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். காரைக்கால் அவளுக்குப் பத்து வயதில் பார்த்த ஒரு வெயில், அவ்வளவுதான். அவள் என் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அண்ணிக்கு நான் அனுப்பிய படத்தையும் பார்த்தாள். பிறகு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். நான் முறைத்த பிறகு நிறுத்தினாள்.

அவள் எனக்கு விளக்கியதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எவருக்காவது பயன்படும். நம் ஊரில் நூறு மில்லி இரத்தத்தில், அதாவது ஒரு டீ கிளாஸ் அளவில், என்ன இருக்கிறது என்று எழுதுகிறார்கள். இங்கே ஒரு லிட்டரில் என்ன இருக்கிறது என்று எழுதுகிறார்கள். லிட்டருக்கு 8.4 மில்லிகிராம் என்றால், நம் ஊர்க் கணக்கில் பத்தால் வகுக்க வேண்டும். 0.84. அது ஆரோக்கியமானவளின் எண். சரி, எல்லாவற்றையும் பத்தால் வகுத்துவிடலாம் என்றால் அதுவும் கிடையாது. சர்க்கரையை இவர்கள் மில்லிகிராமில் சொல்லாமல் கிராமில் சொல்கிறார்கள். அதை நூறால் பெருக்க வேண்டும். என் 0.98 நம் ஊருக்கு வந்தால் 98. ஒரே உடம்பு, ஒரே ஊசி, ஒரே தாள். ஒரு வரியை வகுக்க வேண்டும், அடுத்த வரியைப் பெருக்க வேண்டும். தாளின் வலது ஓரத்தில் இயல்பான அளவு எது என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். நான் எடுத்த படத்தில் அந்த இடத்தில் என் கட்டைவிரல் இருந்தது.

கிளாரா போனை வாங்கி அண்ணனிடம் தானே பேசினாள். பெரியவர்களிடம் '-ங்க' போட்டுப் பேச வேண்டும் என்று சின்ன வயதில் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். எங்கே போடுவது என்றுதான் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

"மாமா, அம்மா கிட்னி ரெண்டு பேரும் நல்லவங்க. ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க."

போனை நான் வாங்கிக்கொண்டேன். பிறகு அண்ணன், அப்ப ஒண்ணும் இல்லையா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அடுத்த நொடி போன் துண்டிக்கப்பட்டது.

4

அவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. தங்கைக்குக் கிட்னி கொடுக்கப் போகிறேன் என்று துறைமுகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அண்ணி சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். கடையை இரண்டு மாதம் பார்த்துக்கொள்ள ஆள் பேசிவிட்டார். ஒரு படகுக்காரர், எங்களுக்கு உறவுகூட இல்லை, அம்பகரத்தூர்க் காளி கோவிலில் எனக்காக நேர்ந்துகொண்டார். பங்குச் சாமியார் தெருவில் நிறுத்திக் கைகொடுத்திருக்கிறார். இப்போது ஒவ்வொருவரிடமும் போய், லிட்டர் வேறு டீ கிளாஸ் வேறு என்று விளக்க வேண்டும்.

நான் அன்றைக்குச் சோறு குழைந்துபோனதுகூடத் தெரியாமல், நாலு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் பேசிய நாலு வாக்கியத்தை மனத்துக்குள் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருந்தேன். கிளாராதான் என் போனில் இருந்த அண்ணனின் அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. வட்டமிட்ட இரண்டு வரிகளுக்கு நடுவில் வட்டமிடாத ஒரு வரியைக் காட்டினாள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, 286.

அது பிரெஞ்சுக் கணக்கில் எவ்வளவு என்று கேட்டேன். எந்தக் கணக்கிலும் மோசம்தான் என்றாள். உன் அண்ணன் தன் கிட்னியை உனக்குத் தரத் தயாராகிக்கொண்டிருந்தார், அதே நேரத்தில் இந்தச் சர்க்கரை அதைத் தின்ன ஆரம்பித்திருக்கும் என்றாள். இதை அவள் பிரெஞ்சில் சொன்னாள். முழுவதும் புரிந்தது.

அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர்கள் இருவருமே அந்த வரியைப் பார்க்கவில்லை. குரூப்பையும் கிரியாட்டினினையும் மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டார்கள். டாக்டரிடம் போகச் சொல்லுங்கள் என்றேன். மறுநாள் அண்ணனின் பதில் அண்ணி வழியாக வந்தது. பிரான்சுக் கணக்கில் அது மூன்றுகூட இல்லையாமே, ஒரு தடவை கணக்குத் தெரியாமல் பயந்தது போதும், இனிமேல் அந்தக் கணக்கிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொன்னாராம். சொல்லிவிட்டு மதியம் ஒரு தட்டு அல்வா சாப்பிட்டாராம்.

கிளாரா ஒரு வழி சொன்னாள். மூன்று மாத சராசரிச் சர்க்கரை என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. அது சதவீதம். இரண்டு ஊரிலும் ஒரே எண்தான், பெருக்கலும் இல்லை, வகுத்தலும் இல்லை. அண்ணி எப்படியோ அவரை இழுத்துக்கொண்டு போய் அதையும் எடுத்துவிட்டார். 10.9 வந்தது. ஆறுக்குள் இருக்க வேண்டியது. அதற்குப் பிறகும் அண்ணன் டாக்டரிடம் போகவில்லை. கடையில் மூன்று எஞ்சின் பிரித்துக் கிடக்கிறது, பொங்கல் போகட்டும் என்றார். பொங்கல் போனது. ஒரு கல்யாணம் போகட்டும் என்றார்.

அண்ணியிடம் ஒருநாள், போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் சாப்பிடும் இடத்தில் வைத்துவிடுங்கள், அவர் பேச வேண்டாம் என்றேன். வைத்தார். தட்டுச் சத்தம் கேட்டது. அதுவரை நான் அண்ணி வழியாக அண்ணனிடம் அழுது கேட்டிருக்கிறேன், மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், சண்டை போட்டதில்லை. அன்றைக்குப் போட்டேன்.

"அண்ணே, ஒரு கிட்னி எனக்குத் தரேன்னு ஊரறியச் சொன்ன. சொன்ன சொல்லு சொன்னதுதான், நான் அத வாங்கிக்கிட்டேன். இன்னிக்கி வேணாம், உன்கிட்டயே இருக்கட்டும். ஆனா அது என்னுது. அத கெடுக்க உனக்கு உரிமை இல்ல."

தட்டுச் சத்தம் நின்றது. ரெண்டுல எது உன்னுது என்று அண்ணன் கேட்டார்.

நான் யோசித்து வைத்திருக்கவில்லை. இடது பக்கத்தது என்றேன்.

சரி என்றார். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கல்யாணத்தப்ப நெசமாவே ரசீது வரலையா என்று கேட்டார். வரவில்லை என்றேன். அவர்கள் தாலி கட்டிய நேரத்தில் நான் மழையில் வரிசையில் நின்றதைச் சொன்னேன். ரசீது எப்போதுதான் வந்தது என்றார். கல்யாணம் முடிந்து ஒன்பதாம் நாள் என்றேன். அண்ணன் அந்த அலுவலகத்தை ஒரு கெட்ட வார்த்தையால் திட்டினார். படகுத்துறை வார்த்தை, இங்கே எழுத முடியாது. நாலு வருஷமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை அதுதான் என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை டாக்டரிடம் போனார்.

5

ஈஸ்டர் விடுமுறைக்கு நானும் கிளாராவும் ஊருக்குப் போனோம். அட்டை கையில் இருந்தது, தேதியை நாலு முறை பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். அண்ணன் இளைத்திருந்தார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார், இரவில் சப்பாத்தி, காலையில் கடற்கரைச் சாலையில் நடை. அந்த வாரம் பார்த்ததில் சர்க்கரை 142. கிளாரா அவர் மாத்திரைகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றும் எதற்கு என்று தமிழில் விளக்கினாள். இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம் வருவாங்க என்றாள். அண்ணன் மரியாதையாகத் தலையாட்டினார். அவள் அப்பால் போனதும், பிள்ளை மாத்திரைக்கெல்லாம் மரியாதை கொடுக்குது, நாம டாக்டருக்கே கொடுக்கறதில்ல என்று அண்ணியிடம் சொன்னார்.

வந்த மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு, காபி குடிக்காத, கிளம்பு என்றார். எங்கே என்றால் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் காரைக்காலில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்து வாசலில் நிறுத்தினார். அவருக்கு அன்றைக்கு எடுக்க வேண்டிய நாள். எனக்கும் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டார். கிளாராதான் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டாளே, இன்னும் என்ன என்று கேட்டேன். அவ போட்டது சரியாத்தான் இருக்கும், ஆனா அது பத்தால வகுத்தது, வகுக்காம வரட்டும் என்றார்.

இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினோம். ஊசி குத்தும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஊசி என்றால் பயம். இந்த ஆள் எந்தத் தைரியத்தில் ஒரு கிட்னியை எடுத்துக்கொள் என்றார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மாலையில் அறிக்கை வாங்க அவரே போனார். நான் பட்டினத்தில் அவர் கடையில் காத்திருந்தேன். எஞ்சின் கொண்டுவந்த இரண்டு படகுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னை யார் என்று கேட்காமல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வந்து இறங்கினார். இரண்டு தாள்களில் தன்னுடையதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னுடையதை மட்டும் விரித்துப் பிடித்திருந்தார். வழியிலேயே படித்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. என்னிடம் கொடுக்காமல் அந்த இருவரிடமும் திரும்பினார்.

"எந்தங்கச்சி. பிரான்சுலேர்ந்து வந்திருக்கு. கிட்னி பாயிண்ட் எட்டு."

அவர்களில் வயதானவர், பாயிண்ட் எட்டு என்றால் நல்லதா கெட்டதா என்று கேட்டார். நல்லதுப்பா, ரொம்ப நல்லது என்றார் அண்ணன். தாளை என் மடியில் வைத்துவிட்டு, பிரித்துக் கிடந்த எஞ்சினுக்கு முன்னால் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தினார். ஸ்பேனரை எடுத்து, ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு போல்ட்டை வெகுநேரம் இறுக்கிக்கொண்டிருந்தார்.